நளாயினியின் கூடையும் நரம்பின் வரலாறும்

சோற்றிலே விரல் விழுந்தது!

தொழுநோய் கண்ட கணவன் உண்டெழுந்த இலையிலே அழுகிய விரல் ஒன்று கிடந்ததாம். அதனை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, எஞ்சிய சோற்றை முகம் சுளிக்காமல் உண்டாளாம் நளாயினி. அவனைக் கூடையிலே வைத்துத் தலையிலே சுமந்து சென்று, அவன் விரும்பிய பரத்தையின் வீட்டு வாயிலிலே இறக்கியும் வைத்தாளாம். கற்புக்கு இலக்கணம் என்று நம் பாட்டிமார்க்குச் சொல்லப்பட்ட கதை இது. அவர்கள் நமக்குச் சொன்னார்கள். சுமந்தவளின் கழுத்து வலித்திருக்குமே என்று கேட்கக் கதையில் இடமில்லை. அந்தக் கொடுமையைப் பற்றி இத்தகைய ஏடுகளில் எழுதாதார் இல்லையாதலால் இன்று அதை விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொள்வது அந்த விரலை மட்டும்.

ஏனெனில், அந்த விரல் அவ்வாறு விழுந்திருக்காது. தொழுநோயில் விரல்கள் பழுத்த இலைபோல் உதிர்வதில்லை. காயம் பட்டுப் பட்டு, சீழ் வைத்து, உள்ளிருக்கும் எலும்பு கரைந்து, அவை ஆண்டுக்கணக்கில் குறுகித் தேய்கின்றன. காயம் படுவது ஏன்? சுடுவது தெரியாததால், குத்துவது தெரியாததால். தெரியாமற் போவது ஏன்? விரலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி சுமக்கும் நரம்பு இறந்துவிட்டதால். ஆக, பல நூற்றாண்டுகளாக 'வினை தின்ற விரல்' என்று நாம் சொல்லி வந்தது நரம்பிழந்த விரலைத்தான்! இதனை உலகுக்கு உணர்த்திய வரலாற்றில் ஓர் அதிகாரம் நம் செங்கற்பட்டு மண்ணிலே எழுதப்பட்டது. அங்கே போகுமுன் நரம்பு என்பது யாது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நரம்பு என்ற சொல்லைப் பேச்சிலே நாம் படுத்தும் பாடு கொஞ்சமன்று. குருதிக்குழாயில் மருந்து ஏற்றினால் 'நரம்பிலே ஊசி போட்டார்கள்' என்கிறோம். கோபத்தில் நெற்றியில் புடைப்பதும் நரம்பு. இறைச்சியிலே பல்லுக்கு அகப்படாமல் இழுபடும் தசைநாணும் நரம்பு. யாழின் தந்தியும் நரம்பு. கிரேக்கரும் இதே குழப்பத்தில் இருந்தவர்களே. நியூரான் என்ற அவர்களுடைய சொல் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. இந்தக் குழப்பத்தை முதலாக்கிக்கொண்டு 'நரம்புத் தளர்ச்சி' லேகியம் விற்போர் நகரத்துச் சுவர்களையெல்லாம் தமதாக்கிக்கொண்டனர். அவர்கள் விற்பதற்கும் நரம்புக்கும் உள்ள உறவு, பூனை குறுக்கே போவதற்கும் நம் பயணத்துக்கும் உள்ள உறவுதான்.

உண்மை நரம்பின் வரலாறு 1873-ஆம் ஆண்டிலே ஒரு சமையற்கட்டில் தொடங்குகிறது என்றால் மிகையாகாது. இத்தாலியில், தீரா நோயாளர் விடுதி ஒன்றின் மருத்துவராக இருந்த கமில்லோ கோல்கி, தம் இல்லத்துச் சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கி, மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தார். மூளைத் திசுவை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அதுவரை தெரிந்தது ஒரு புதர். எந்தக் கிளை எந்த மரத்தினது என்று புரியாத அடர்காடு. கோல்கியின் சாயமோ அக்காட்டிலே மிகச் சில மரங்களை மட்டும் வேர் முதல் நுனி வரை கறுப்பாக்கிக் காட்டியது. ஏன் அந்தச் சிலவற்றை மட்டும் பற்றுகிறது என்பது அவருக்கே விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன? பார்க்க முடிந்ததே!

பார்த்தார் கோல்கி, ஆனால் தவறாகப் புரிந்துகொண்டார். இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றார். ஸ்பெயின் நாட்டு இராமோன் இ காகல் 1887-இல் இந்தச் சாயத்தைக் கண்டு, அதனைத் திருத்தி, பறவைக் குஞ்சுகளின் மூளையில் செய்து பார்த்தார். இழைகள் நெருங்குகின்றன, ஆனால் ஒட்டவில்லை! ஒவ்வொன்றும் தனி அணு. இவ்வணுவுக்கு வால்டேயர் என்ற செருமானிய அறிஞர் 1891-இல் 'நியூரான்' என்று பெயரிட்டார். 1906-இல் கோல்கிக்கும் காகலுக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசு பெற்ற மேடையிலேயே கோல்கி, தம்மோடு பரிசு பெற்றவரின் கொள்கையை மறுத்துச் சொற்பொழிவாற்றினார். பிடிவாதம் மடாதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் ஒரு வேறுபாடு: காகல் அதற்காகத் தள்ளிவைக்கப்படவில்லை. 1950-களில் மின்னணு உருப்பெருக்கி வந்தது. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே நூலினும் பன்மடங்கு மெல்லிய ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கு முடிந்தது.

இதே 1873-ஆம் ஆண்டில், நார்வே நாட்டு பெர்கன் நகரில், அர்மாவர் ஆன்சன் என்ற மருத்துவர் தொழுநோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த நீரில் குச்சி போன்ற நுண்ணுயிரியைக் கண்டார். நோய் பரம்பரையால் வருவது என்று ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்களே நம்பியிருந்த காலம் அது. நரம்பணுவைக் காணும் வழியும், நரம்பைக் கெடுக்கும் கிருமியும் ஒரே ஆண்டிலே கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்க உலகம் நெடுநாள் எடுத்துக்கொண்டது.

நரம்பணு எப்படிப்பட்டது? நடுவே ஓர் உடல். அதிலிருந்து செய்தியை வாங்கும் குறுங்கிளைகள் பல. செய்தியை அனுப்பும் நீண்ட இழை ஒன்று. இந்த நீண்ட இழைக்கு ஆக்சான் என்று பெயர். இடுப்புத் தண்டுவடத்திலே உடலை வைத்துக்கொண்டு பாதம் வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழையை நீட்டும் அணுக்கள் நம்மிடம் உண்டு. மனித மூளையிலே இத்தகைய அணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்று 2009-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். அதுவரை 10,000 கோடி என்பது வழக்கமாகச் சொல்லப்பட்ட கணக்கு. நரம்பணுவுக்குத் துணை நின்று தாங்கி, ஊட்டி, உறையிட்டுக் காக்கும் வேறு அணுக்களும் உள. பசை என்று பொருள்படும் கிளியா என்ற பெயரை இவற்றுக்கு இட்டவர் 1856-இல் விர்கோ. வெறும் பசை என்று இகழப்பட்ட இவ்வணுக்களில் ஒருவகையே நம் கதையில் பின்னர் வரப்போகிறது.

இவ்வணுக்களின் ஆட்சிமுறை இரு பகுதிப்பட்டது. மூளையும் தண்டுவடமும் நடுவண் அரசு. அங்கிருந்து புறப்படும் மூளை நரம்புகள் 12 இணை, தண்டுவட நரம்புகள் 31 இணை. இவை புற நரம்புகள். எல்லாவற்றையும் தலைநகருக்கு எழுதிக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு உடலில் இல்லை என்பதை நம் தோழர்கள் கவனிக்க! நெருப்பைத் தொட்ட விரலை இழுத்துக்கொள்ளும் ஆணை தண்டுவடத்திலேயே பிறந்துவிடுகிறது. மூளைக்குத் தகவல் பின்னர்தான் போய்ச் சேருகிறது. இதயத் துடிப்பு, வியர்வை, செரிமானம் ஆகியவற்றுக்குத் தன்னாட்சி நரம்புகள் என்றே பெயர். ஒரு புற நரம்பை அறுத்துப் பார்த்தால் மூன்று வகை இழைகளும் ஒரே கயிறாகக் கிடக்கும்: உணர்வைக் கொண்டு வருவன, தசைக்கு ஆணை கொண்டு செல்வன, வியர்வையையும் குருதிக்குழாய்களையும் ஆள்வன. ஒரு கயிறு கெட்டால் மூன்றும் கெடும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

செய்தி எவ்வாறு ஓடுகிறது? அளக்கவே இயலாத வேகம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். எல்ம்கோல்ட்சு 1850-இல் தவளை நரம்பிலே அளந்தார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். ஆன்மாவின் வேகம் குதிரை வண்டியைவிடச் சில மடங்குதான் அதிகம்! ஓடுவது என்ன என்பதைக் காட்டிக்கொடுத்த உயிரினத்தை நாம் நெம்மேலிக் கடற்கரையிலேயே பார்க்கலாம்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது நெம்மேலி. குப்பத்து வலைகளில் கணவாய் விழுவதுண்டு. ஊசிக் கணவாய் என்று நம் மீனவர் அழைக்கும் இனத்தைச் சேர்ந்த கடலுயிர் ஒன்றின் உடலிலே ஒரு மில்லிமீட்டர் பருமன் வரை தடித்த நரம்பிழை இருப்பதை 1936-இல் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் எடுத்துச் சொன்னார். நம் இழைகளோ மயிரினும் மெல்லியவை. உள்ளே எதையும் நுழைத்துப் பார்க்க இயலாது. கணவாயின் இழைக்குள் ஆட்ஜ்கின், அக்சுலி என்ற இருவர் நுண்கம்பியைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தார்கள். 1952-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: ஓய்விலே இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் நிலையில் இருக்கிறது, தூண்டியதும் வெளியே உள்ள சோடியம் உள்ளே பாய்கிறது, பிறகு உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, இந்த அலை இழை நெடுக ஓடுகிறது. சுற்றியுள்ள கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தால் அலையும் குன்றுகிறது என்பதை ஆட்ஜ்கினும் காட்சும் 1949-இலேயே காட்டியிருந்தனர். எண்ணமும் ஏக்கமும், தொடுதலும் துடிப்பும் உப்பின் ஓட்டமே! நெம்மேலியிலே 2013 முதல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் நிலையம் இயங்குகிறது. அருகில் 15 கோடி லிட்டருக்கான இன்னொன்று 2024-இல் திறக்கப்பட்டது. வேண்டாமென்று அங்கே பிரிக்கப்படும் அதே உப்பின் சோடியம்தான் நம் தலைக்குள் இவ்வளவும் செய்கிறது.

கணவாய்க்கு வேகம் இழையின் பருமனால் வந்தது. நமக்கு அவ்வளவு பருமன் இருந்தால் கை நரம்பே கைப்பருமன் ஆகிவிடும். வேறு வழி கண்டது இயற்கை: மெல்லிய இழை, அதன்மேல் கொழுப்பு உறை. மயலின் எனப்படும் அவ்வுறையைப் புற நரம்புகளில் சுற்றித் தருபவை ஷுவான் அணுக்கள். உயிர்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்பதை 1839-இல் நிலைநாட்டிய தியோடர் ஷுவானின் பெயர் தாங்கியவை. உறையிட்ட இழையில் அலை தாவித் தாவிச் செல்கிறது. நொடிக்கு 100 மீட்டர் வரை கூடப் போகும். இந்த ஷுவான் அணுவிலேதான் தொழுநோய்க் கிருமி குடியேறுகிறது.

நெம்மேலிக் கரையை விட்டு மேற்கே வருவோம். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு. வழியிலே, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை சங்கு பிறக்கிறதென்று கூட்டம் கூடும் குளம்; மூழ்கினால் பிணி தீரும் என்பது நம்பிக்கை. அதைத் தாண்டி, செங்கற்பட்டை அடுத்த திருமணி என்ற சிற்றூரில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் அமைந்தது. குளத்தில் மூழ்கியும் தீராதவர்கள், வீட்டாராலும் ஊராராலும் விரட்டப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட்டு காக்கிரேன் என்ற மருத்துவர், நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகக் குத்துவதைத் தவிர வேறு மருந்தறியாத காலத்தில் தொடங்கி, 1946-இல் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1955-இல் இந்திய அரசு அவ்வில்லத்தை ஏற்று நடுவண் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

1947-இல் காக்கிரேனோடு இங்கே வந்தார் பால் பிராண்டு. கொல்லிமலையிலே 1914-இல் பிறந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர். மடங்கிச் சுருங்கிய விரல்களோடு நின்ற ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, 'அழுத்திப் பிடி' என்றார். அந்தக் கை இரும்புப் பிடியாகப் பிடித்தது. மருத்துவர் வலியால் துடித்தார்! பிடித்தவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அந்த வலியிலே பிறந்தது ஒரு கேள்வி: கை அழுகிவிட்டதென்றால் இந்த வலிமை எங்கிருந்து வந்தது? சில தசைகள் செத்துக் கிடக்க, அடுத்த தசைகள் முழு உயிரோடு இருப்பதேன்?

விடையும் செங்கற்பட்டிலேயே கிடைத்தது. இல்லத்திலே ஒரு நோயாளி இறந்துபோனார். செய்தி கிடைத்ததும் பிராண்டும் துணைவர் ஒருவரும் வேலூரிலிருந்து விரைந்து வந்து, இரவோடு இரவாக அவ்வுடலின் நரம்புகளை நீளவாக்கில் திறந்து பார்த்தார்கள். வீக்கம் எல்லா இடத்திலும் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டிலே, முழங்காலை ஒட்டி, கணுக்காலிலே என நரம்பு தோலுக்கு அருகே மேலெழுந்து வரும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. தசைக்குள் ஆழ்ந்து செல்லும் இடங்களில் நலமாக இருந்தது. காரணம் குளிர்ச்சி! இந்தக் கிருமி உடலின் வெப்பம் குறைந்த இடத்தையே நாடுகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் அது தொடுவதில்லை. முழங்கைக்கு மேல் உள்நரம்பு கெட்டது. ஆகவே சிறுவிரல் பக்கத் தசைகள் செத்தன. மேலேயே கிளை பிரிந்த முன்கைத் தசைகள் பிழைத்தன. பெயர் தெரியாத அந்த மனிதரின் உடல் எந்தச் சாத்திரமும் சொல்லாததைச் சொல்லிற்று: நோய் வினையின் வழியே செல்லவில்லை, நரம்பின் வழியே, அதுவும் நரம்பு குளிரும் இடத்தின் வழியே செல்கிறது.

பிழைத்த தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றித் தைத்தார் பிராண்டு. கைகள் திறந்தன. ஆனால் திறந்த கைகளிலும் புண்! நோய் திரும்பிற்றா? இல்லை. துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் மருத்துவர்கள் தவித்தபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்தான். விரலிலே எலும்பு தெரியும் வெட்டு. அவனுக்கோ வலியே இல்லை. இரவில் உறங்கியவர்களின் விரல்களை எலி கடித்தது, அவர்கள் விழிக்கவில்லை. பூனை வளர்க்கச் சொன்னார்கள், புண் குறைந்தது. கழுவாய் செய்யாதது, பூனை செய்தது! பிராண்டு ஆழ்ந்த கிறித்துவப் பற்றாளர். வலி என்பது கொடை என்று எழுதியவர். அவருடைய பற்று அவருக்கு. அவர் ஆராய்ந்த நரம்பு நமக்கும் உரியது.

கயிற்றில் மூவகை இழை என்றோமே, மூன்றும் கெட்டால் என்ன ஆகும் என்பது இப்போது விளங்கும். உணர்விழை கெட்டதால் சுடுவது தெரியாது. ஆணை இழை கெட்டதால் விரல் மடங்கும். முகத்திலாயின் இமை மூடாது, மூடாத கண்ணிலே தூசு விழுந்து பார்வை போகும். தன்னாட்சி இழை கெட்டதால் வியர்வை நின்று, தோல் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கும். கிருமி ஷுவான் அணுவின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுகிறது என்பதை 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டனர். அது ஒருமுறை இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரு வாரம் ஆகும்; ஆதலால் நோய் வெளித்தெரியப் பல ஆண்டுகள் செல்லும். நேற்றைய தொற்று இன்று தெரியாதபோது, முற்பிறப்பைக் காட்டுவது எவ்வளவு எளிது!

இங்கே நம் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுவோம். 1954-இல் வந்த 'இரத்தக்கண்ணீர்', திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். இராதா மேடையிலும் திரையிலும் நடித்தது. வைதிகத்தின் தோலை உரித்த நாடகம், நாம் கைதட்டிப் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம். ஆனால் அதிலே மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் ஏன் வருகிறது? பரத்தையைத் தேடிப் போனதால்! கண் இழக்கிறான், தெருவிலே கிடக்கிறான். தண்டனை என்று நாம் மகிழ்கிறோம். தொழுநோய் காமத்தால் வருவதன்று. 1946-இலேயே திருமணியில் மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது. 1947-இலேயே அந்தக் கைகுலுக்கல் நடந்துவிட்டது. செங்கற்பட்டு, சென்னையிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை. பழைய கதை முற்பிறப்பு வினை என்றது. நம் கதை இப்பிறப்பு வினை என்றது. பாதகன் யார் என்பதைத்தான் மாற்றினோம். நோயாளியைப் பாதகன் ஆக்கியதை மாற்றவில்லை. பிச்சை கேட்டு நின்ற ஒரு கையைப் பார்த்து 'மோகனசுந்தரம்' என்று ஏளனம் செய்த இளைஞரை நாம் கண்டதுண்டு. கடவுள் இல்லையென்று மேடையில் முழங்கியவர்தான் அவரும்.

சட்டத்தின் கதையோ இன்னும் மெதுவாக நகர்ந்தது. ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது 1981-இல். ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005-இல் எட்டி, நோயை ஒழித்தோம் என்று இந்தியா அறிவித்தது. 2023-இலும் இந்நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உலகத் தொகையில் பாதிக்கு மேல்.

மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் செத்துக் கிடந்த நரம்பை எழுப்பாது. வெட்டுண்ட புற நரம்பிழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரும் ஆற்றல் உடையது என்றாலும், வழிகாட்ட வேண்டிய ஷுவான் அணுவே சிதைந்தபின் அது எங்கே வளரும்? ஆகவே எல்லாம் காலத்தைப் பொறுத்தது. தோலிலே வெளிறியோ சிவந்தோ ஒரு படை, அரிப்பில்லை, வலியில்லை. வலியில்லாததால் யாரும் காட்டுவதில்லை. காட்ட வேண்டிய காரணமே அந்த வலியின்மைதான். காட்டினால் தெரிந்துவிடுமே என்ற அச்சம் வேறு. தங்கைக்கு மணம் பேச வேண்டுமே, பள்ளியில் பிள்ளையை ஒதுக்குவார்களே என்ற கணக்கு வேறு. நரம்பு இறப்பது இந்தக் கணக்குப் போடும் மாதங்களிலேதான்.

சோதனைக்கு ஊசியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஆரம்ப நலவாழ்வு நிலையப் பணியாளர் சட்டைப்பையிலிருக்கும் எழுதுகோலை எடுக்கிறார். 'கண்ணை மூடிக்கொள், நான் தொடும் இடத்தை விரலால் காட்டு' என்கிறார். நல்ல தோலிலே முனை படுகிறது. விரல் சரியாக அங்கே போகிறது. படையின் நடுவிலே முனை படுகிறது. விரல் அசையவில்லை; 'இன்னும் தொடவில்லையா?' என்று கேட்கிறது மூடிய கண்ணோடு இருக்கும் முகம்.